92,000 ரூபாய்க்கு ட்ரையத்லான் சாமான், கார்டில் 28,000 பாக்கி

கேள்வி: கடலூர் சிப்காட்டில் வேலை. வயது 31, கைக்கு வரும் சம்பளம் 34,000. ஐந்து மாதத்தில் முதல் ட்ரையத்லான்: 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். ரோடு பைக் 55,000, கார்பன் பிளேட் ஷூ (அடியில் கார்பன் தகடு வைத்தது) 18,000, வெட்சூட் (நீச்சலுக்கான ரப்பர் உடை) 12,000, ட்ரை சூட் (மூன்றுக்கும் ஒரே உடை) 4,000, ஹெல்மெட்டும் நீச்சல் கண்ணாடியும் 3,000. நோ காஸ்ட் இ.எம்.ஐ.யில் வாங்கலாமா? கிரெடிட் கார்டில் 28,000 பாக்கி, மாதாமாதம் மினிமம் கட்டுகிறேன். ஆர்.டி.யில் 40,000 இருக்கிறது.
– வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: போட்டிக்குப் போங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இ.எம்.ஐ. வேண்டாம்.

முதலில் அந்தக் கார்டைப் பார்ப்போம். மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்தால் 28,000-க்கு 980 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 1,156. மினிமம் 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 1,400. அசலில் கழிவது 244 ரூபாய்! ஆர்.டி. உங்களுக்கு ஆண்டுக்கு ஆறு, ஏழு சதவீதம் தரும். கார்டு 42 சதவீதம் பிடுங்குகிறது. ஆர்.டி.யை உடையுங்கள். வட்டி கொஞ்சம் குறைத்துத்தான் தருவார்கள், பரவாயில்லை. பில்லில் உள்ள தொகையை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். கட்டும் நாள் வரை ஏறிய வட்டியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று வங்கியில் கேட்டுக் கட்டுங்கள். பாக்கி இருக்கும் வரை அந்தக் கார்டில் புதிதாக எது வாங்கினாலும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

நோ காஸ்ட் என்பதும் முழுக்க இலவசம் இல்லை. வட்டித் தொகையைத் தள்ளுபடியாகக் கழித்தாலும், அந்த வட்டிக்கான ஜி.எஸ்.டி.யும் பிராசஸிங் கட்டணமும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும்.

சரி, மிச்சம் சுமார் 12,000. ஹெல்மெட்டில் கை வைக்காதீர்கள், அது இல்லாமல் சைக்கிள் ஓட்ட விடமாட்டார்கள். வெட்சூட்டைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடுங்கள். அது குளிர்ந்த நீருக்கானது. நம் வங்கக் கடல் வெதுவெதுப்பு. நீர் சூடாக இருந்தால் போட்டியிலேயே அதற்கு அனுமதி கிடையாது. ட்ரை சூட்டுக்குப் பதில் உடம்போடு ஒட்டிய ஷார்ட்ஸும் பனியனும் போதும்.

ஷூவுக்கு 6,000 வரை ஒதுக்கலாம். கார்பன் பிளேட் வேகமாக ஓடிப் பழகியவர்களுக்கு. விலைக்கேற்ற உழைப்பும் இருக்காது. சாதாரண ஓட்ட ஷூ 500 கி.மீ.க்கு மேல் தாங்கும். வாரம் 20 கி.மீ. ஓடினாலும் பயிற்சி, போட்டி இரண்டுக்கும் அதே ஜோடி வரும். சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும்போது கடைக்குப் போய், பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்கு எலாஸ்டிக் லேஸும் போட்டுக்கொள்ளுங்கள். ஈரக் கையோடு முடிச்சுப் போடும் அவஸ்தை மிச்சம். ஓடிப் பார்க்கப் புதுச்சேரி கடற்கரைச் சாலை வசதி, காலை 7.30 வரை வண்டிகள் வராது.

சைக்கிளை இரவல் வாங்குங்கள். பிரேக் ஒழுங்காகப் பிடிக்கும் கியர் சைக்கிள் 20 கி.மீ.க்குப் போதும், விதிமுறையை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கார்டுக்குக் கட்டிவந்த 1,400-ஐ அடுத்த மாதமே புது ஆர்.டி.யில் போடுங்கள். முதலில் அவசரச் செலவுக்குக் கொஞ்சம் சேரட்டும். போட்டி முடிந்தும் ஆசை தீராமல் இருந்தால் அப்புறம் பழைய ரோடு பைக் ஒன்று தேடலாம்.