இரண்டு வரப்பு தெரிந்தால் எதில் நடப்பது?

கே: பத்து நாளாக ரோடு, வரப்பு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. நல்ல சொட்டு மருந்து சொல்லவும். (வயது 55, மன்னார்குடி)

ப: இதற்குச் சொட்டு மருந்து கிடையாது. சுகர், பிரஷர் உண்டா என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே! ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகத் தெரிகிறதா? அப்படியானால் கண்கள் சேர்ந்து ஒரே இடத்தைப் பார்க்கவில்லை. சர்க்கரைக்காரர்களுக்குக் கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பு திடீரென்று செயலிழப்பது உண்டு. பெரும்பாலும் மூன்று, நான்கு மாதத்தில் தேறிவிடும். ஆனால் அதுதான் என்று டாக்டர் சொல்ல வேண்டும். இமை தொங்கி, கண்ணின் பாப்பா (நடுவிலுள்ள கறுப்பு வட்டம்) விரிந்து, தலைவலியும் இருந்தால் நடுராத்திரி ஆனாலும் ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். திடீர் இரட்டைப் பார்வைக்கு அன்றைக்கே டாக்டர். பைக் வேண்டாம்.

கே: ஒரு கண்ணை மூடினாலும் அப்பாவுக்கு நிலா இரண்டாகத் தெரிகிறதாம். (நாகப்பட்டினம்)

ப: அது மாறுகண் (இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்காதது) அல்ல. கண்புரை இருக்கிறதா என்று பாருங்கள்.

கே: சிறுவயதிலிருந்தே மாறுகண். கூட்டுறவு வங்கிக் கவுண்டரில் வேலை. ஆபரேஷன் என்றால் “அதிர்ஷ்டக் கண்ணு, 34 வயசில் அழகு எதற்கு?” என்கிறார்கள். (பாபநாசம்)

ப: அதிர்ஷ்டம் என்கிற அதே வாய்தான் பெண் பார்த்துவிட்டுப் போய், “எல்லாம் சரி, கண்ணுதான் கொஞ்சம்…” என்று இழுக்கும். நீங்கள் ஒருவரிடம் பேசினால் பக்கத்தில் நிற்பவர் “என்னையா?” என்று கேட்டிருப்பார். போட்டோவில் முகத்தைத் திருப்பியிருப்பீர்கள். இப்படி வருபவர்கள் என்னிடம் பேசும்போதுகூடத் தரையைத்தான் பார்க்கிறார்கள். அது வெறும் அழகுப் பிரச்சினை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். பேச்சு, வேலை, கல்யாணம் என்று எல்லாவற்றையும் தொடுகிற விஷயம் அது. வயது தடையே இல்லை, அறுபதிலும் செய்கிறோம். கண்ணை வெளியே எடுப்பதாகச் சொல்வது புரளி. கண்ணை அசைக்கும் தசையைச் சில மில்லிமீட்டர் நகர்த்தித் தைப்பதுதான் வேலை. பெரும்பாலும் அன்றைக்கே வீடு, சில வாரம் சிவப்பு. சிலருக்கு இரண்டாவது முறையும் தேவைப்படும். கண் மூக்குப் பக்கம் திரும்பியிருந்தால், நேரானபின் பக்கவாட்டுப் பார்வை சற்று விரியவும் செய்யலாம். ஆனால் சோம்பேறிக் கண்ணின் (சிறுவயதிலேயே பார்வை சரியாக வளராத கண்) மங்கல் இதனால் போகாது. அந்த ஆசையோடு மேஜையில் படுக்காதீர்கள். நேராக்கினால் இரட்டையாகத் தெரியுமா என்று முன்கூட்டியே பிரிசம் (ஒளியை வளைத்து உருவத்தை நகர்த்திக் காட்டும் கண்ணாடித் துண்டு) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கே: செல்போன் படம் அனுப்பியுள்ளேன். எத்தனை நம்பர் கண்ணாடி போடலாம்? (திருவாரூர்)

ப: படத்தைப் பார்த்து நம்பர் சொல்ல நான் ஜோசியன் இல்லை.

கே: பட்டுத்தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போட முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டாகிவிடுகிறது. யூடியூப் கண் பயிற்சி செய்யலாமா? (திருபுவனம்)

ப: கிட்டத்தில் கண்கள் சரியாகக் குவியாதவர்களுக்குப் பயிற்சி உதவும், எல்லா மாறுகண்ணுக்கும் அல்ல. முதலில் பரிசோதனை. கோணல் சிறிதென்றால் பிரிசம் கண்ணாடியே போதும். முதலில் கண்ணாடி மேல் ஒட்டும் ஒட்டுப் பிரிசம் போட்டுத் தறியில் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்கலாம். இதுவும் திடீரென்று வந்ததென்றால், மன்னார்குடிக்காரருக்குச் சொன்னதேதான்.