எல்லாருக்கும் 5½ கட்டை சரிவருமா?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை, வயது 36. இரண்டு வருடமாக ஆன்லைனில் பத்துப் பேரோடு சேர்ந்து கர்நாடக சங்கீதம் கற்கிறேன். வகுப்பில் எல்லாருக்கும் 5½ கட்டைதான் (கட்டை என்பது சுருதியின், அதாவது பாட்டின் ஆதார 'ஸ' எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதன் அளவு). மேல் ஸ்தாயியில், அதாவது உயர்ந்த ஸ்வரங்களில், தொண்டை இறுகுகிறது, மறுநாள் காலையில் குரல் கம்மிவிடுகிறது. சாதகம் (பாட்டுப் பயிற்சி) போதாது என்கிறார்கள். தனி வகுப்புக்கு மாறலாமா?

பதில்: தனி வகுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவரை சாதகத்தைக் கூட்ட வேண்டாம். பாடிய மறுநாள் குரல் கம்முகிறது என்றால் குரல்நாண்கள் வீங்குகின்றன என்று சந்தேகப்பட வேண்டும். வீங்கிய நாண்களை வைத்து இன்னும் ஒரு மணி நேரம் பாடினால் வீக்கம்தான் கூடும்.

முதல் சந்தேகம் சுருதியின் மேல். 5½ கட்டையில் மேல் பஞ்சமம் (மேல் ஸ்தாயியின் 'ப') பாடும்போது குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 620 முறை மோதிக்கொள்கின்றன. அதே பஞ்சமம் 4½ கட்டையில் சுமார் 550தான். அந்த வித்தியாசம் சிலருக்கு ஒன்றுமே இல்லை, சிலருக்குத் தொண்டையை இறுக்கிவிடும். பத்துப் பேருக்கும் சுருதிக்கு ஒரே தம்பூரா வைத்தால், யாராவது ஒருவர் தன்னுடையதல்லாத சுருதியில்தான் பாடிக்கொண்டிருப்பார். இதில் அவருடைய திறமைக் குறைவு எதுவும் இல்லை.

தனி வகுப்பின் முதல் நாளே ஆசிரியர் இதைப் பார்க்க வேண்டும். காலையில் எழுந்தவுடன் குரல் தாழ்ந்தே இருக்கும், அதனால் மாலையில் சோதிப்பது நல்லது. அகாரத்தில், அதாவது 'ஆ' என்று மட்டும் பாடி, மெதுவாகக் கீழ் பஞ்சமம் வரை இறங்குங்கள். அங்கே வெறும் காற்றுதான் வருகிறதென்றால் சுருதி தாழ்வு. பிறகு மேல் பஞ்சமம் வரை ஏறுங்கள். மோவாய் தூக்குகிறதா, கழுத்து நரம்பு புடைக்கிறதா, சத்தம் கூட்டாமல் அந்த ஸ்வரமே வர மறுக்கிறதா? அரைக் கட்டை குறைத்துத் திரும்பப் பாருங்கள்.

அடுத்தது தொடக்கம். 'ஆ' என்று எடுக்கும்போது தொண்டையில் 'டக்' என்று ஒரு வெட்டு கேட்டால், நாண்கள் இறுக்கமாக மூடிக்கொண்டு பிறகு வெடித்துத் திறக்கின்றன என்று அர்த்தம். சில நாள் 'ஹா' என்று தொடங்கிப் பழகுங்கள், அப்புறம் 'ஹ'வை மெல்லக் குறைக்கலாம். கூட்டத்தில் இந்த 'டக்' யார் காதிலும் விழாது. ஆன்லைனில் ஒலி தாமதமாக வருவதால் மாணவர்கள் பெரும்பாலும் மியூட்டில்தானே பாடுகிறார்கள்! தனி வகுப்பும் ஜூமில்தான் என்றால், இசைக்கென்றே இருக்கும் 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தம்பூராவையும் நீட்டிப் பிடிக்கும் கார்வையையும் இரைச்சல் என்று நினைத்து ஜூம் வெட்டிவிடும்.

உங்கள் வேலையையும் மறக்கக் கூடாது. நாளெல்லாம் வகுப்பறையில் உரக்கப் பேசிவிட்டு வந்த உடனே வர்ணம் போன்ற கடினமான உருப்படியில் கை வைக்காதீர்கள். அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவின் நுனியை முக்கி, குமிழி வர ஊதிக்கொண்டே ஸ-ப-ஸ என்று ஐந்து நிமிடம் வழுக்கிப் பாடுங்கள். வாய்க்குள் உண்டாகும் எதிரழுத்தம் நாண்களை மெதுவாக மோதவைக்கும். பனங்கற்கண்டும் மிளகும் தொண்டைக்கு இதம்தான், ஆனால் விழுங்குவது உணவுக்குழாய்க்குத்தான் போகும், நாண்களைத் தொடாது. தொண்டையைக் கனைப்பதும் கிசுகிசுப்பதும் ஓய்வாகாது.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: "பாடும்போது தொண்டை வலித்தால் என்ன செய்யச் சொல்வீர்கள்?" "பழகிவிடும்" என்று பதில் வந்தால் வேறு ஆசிரியரைப் பாருங்கள். குழு வகுப்பை விட வேண்டாம், தாளமும் பாடாந்தரமும் (குரு சொல்லித்தரும் பாட்டு முறை) அங்கே நன்றாகவே வரும். மாதம் இரண்டு தனி வகுப்பு சேர்த்தாலே போதும். மியூட்டில் இருக்கும்போது உங்கள் சுருதியில் பாடிக்கொள்ள குருவிடம் அனுமதி கேளுங்கள்.

குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்வளையை எண்டோஸ்கோப்பில் பார்த்துவிடுங்கள். நாண்களில் முடிச்சு இருந்தால், குரல் பயிற்சி நிபுணரின் சிகிச்சைக்குப் பிறகே பாட்டு வகுப்பு.