புது உறுப்பினர் வந்தால் பழையவர் பலம் குறைந்தே தீருமா?

டெல்லி ராஜேந்தர் நகரில் தேர்வுக்குப் படிப்பவரின் கேள்வி: ஓர் ஒன்றியத்தில் புது உறுப்பினர் சேர்ந்தால் எல்லோருடைய ஓட்டு பலமும் குறையும்தானே?

ஓட்டுப் பங்கு குறையும். பலம் குறைய வேண்டியதில்லை. உங்கள் ஓட்டு விலகினால் தீர்மானம் கவிழும் கூட்டணிகள் எத்தனை? அதுதான் பலம்.

இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை எடுங்கள். 1958-இல் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலிக்குத் தலா 4 ஓட்டு, பெல்ஜியம், நெதர்லாந்துக்குத் தலா 2, லக்சம்பர்க்குக்கு 1. மொத்தம் 17, வெற்றிக்கு 12. லக்சம்பர்க்கின் 1 ஓட்டு முடிவை மாற்ற, மற்றவர்கள் சரியாக 11 தர வேண்டும். மற்ற ஐவரின் ஓட்டும் இரட்டைப்படை என்பதால் கூட்டினால் 11 வரவே வராது. லக்சம்பர்க் கை தூக்கியதெல்லாம் ஒப்புக்குத்தான்! 1973-இல் பிரிட்டன், டென்மார்க், அயர்லாந்து சேர்ந்ததும் பெரிய நால்வருக்குத் தலா 10, லக்சம்பர்க்குக்கு 2. மொத்தம் 58, வெற்றிக்கு 41. லக்சம்பர்க்கின் பங்கு 5.9 சதவீதத்திலிருந்து 3.4 ஆனது. ஆனால் நால்வரும் சேர்ந்தாலும் 40தான். லக்சம்பர்க் வந்தால் 42. பூஜ்யமாக இருந்த பலத்துக்கு உயிர் வந்தது.

நம்மூர் ஜிஎஸ்டி கவுன்சிலில் கணக்கே வேறு. மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்களுக்கு மீதி. முடிவுக்கு முக்கால் பங்கு தேவை. எத்தனை மாநிலம் புதிதாகப் பிறந்தாலும் மத்திய அரசின் தடுப்பு பலம் அசையாது. சட்டமன்றமுள்ள யூனியன் பிரதேசங்களையும் சேர்த்து இப்போதுள்ள 31 மாநிலங்களும் ஓட்டுப் போட்டால், மத்திய அரசு ஆதரிக்கும் முடிவைத் தடுக்க 12 மாநிலங்கள் போதும். மாநிலங்கள் 32 ஆகிவிட்டால் 13 வேண்டும். ஏனென்றால் மத்திய அரசோடு 20 மாநிலங்கள் ஆதரித்தாலே சரியாக 75 சதவீதம் வந்துவிடும். தேர்வில் பலரும் சறுக்குவது இங்கேதான்: எல்லையைத் தொட்டாலே வெற்றி, தாண்ட வேண்டியதில்லை.