இரத்தம் குடித்த கொசுவில் அம்மோனியா செல்லும் வழி

குடியாத்தத்தைச் சேர்ந்த முதுநிலை விலங்கியல் மாணவி ஒருவர், வீட்டுத் தண்ணீர்த் தொட்டியருகே பிடித்த ஏடிஸ் கொசுக்களை எத்தனாலில் சேமித்திருப்பதாகவும், இரத்தம் குடித்தபின் அவற்றின் உடலில் உண்டாகும் அம்மோனியா என்னவாகிறது என்பதை நிறை நிறமாலைமானியால் (மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு இனங்காணும் கருவி) அறிய அந்த மாதிரிகள் போதுமா என்றும் கேட்டிருக்கிறார்.

போதாது. எத்தனாலில் கிடக்கும் கொசு இனத்தை அடையாளம் காண உதவும். ஆனால் அதன் வளர்சிதைப் பொருள்கள், அதாவது உடலின் வேதிவினைகளில் உண்டாகும் சிறு மூலக்கூறுகள், திரவத்தில் கசிந்துவிடுகின்றன. மேலும், பிடிபட்ட கொசுவின் வயதும், அது கடைசியாக இரத்தம் குடித்த நேரமும் தெரியாமல் எந்த அளவீட்டுக்கும் பொருள் கூற இயலாது. ஆகவே முட்டையிலிருந்து வளர்த்த, ஒரே வயதுப் பெண் கொசுக்களுக்குச் சவ்வு வழியாக ஒரே நேரத்தில் உணவூட்டுங்கள். நெல்வயலில் பிடித்தவற்றையும் சேர்க்க வேண்டாம். இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் 1955-இல் முதன்முதலாக அறியப்பட்ட வேலூர் வட்டாரத்தில், அந்நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் இனங்கள் அவற்றில் கலந்திருக்கக்கூடும்.

இரத்தத்தில் புரதமே மிகுதி. அதன் அமினோ அமிலங்கள் ஆற்றலுக்காக எரிக்கப்படும்போது நச்சுத்தன்மையுள்ள அம்மோனியா பெருமளவில் வெளிப்படுகிறது. ஏடிஸ் எஜிப்டி அதில் ஒரு பகுதியை நேராகக் கழித்துவிட்டு, மறுபகுதியைக் குளுட்டமின், புரோலின் ஆகிய அமினோ அமிலங்களில் பிணைத்து வைக்கிறது, யூரிக் அமிலமாகவும் யூரியாவாகவும் மாற்றுகிறது. இவ்வழியைக் காண்பதற்கு வெறும் அளவு போதாது. சாதாரண நைட்ரஜனைவிட ஓர் அலகு நிறை கூடிய நைட்ரஜன்-15 அணுவால் குறியிட்ட அம்மோனியம் குளோரைடை உணவில் கலக்க வேண்டும். குளுட்டமினில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இருப்பதால் அதன் நிறை ஒன்றோ இரண்டோ கூடலாம். மூலக்கூறைக் கருவிக்குள் உடைத்துப் பார்த்தால், அந்த இரண்டு நைட்ரஜன் இடங்களில் குறி அமைடு முனையில் ஏறியதா, அமினோ முனையில் ஏறியதா என்பதும் புலப்படும். எனக்கு இம்முறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனெனில் எந்த நொதி வேலை செய்தது என்பதையே அது காட்டிக்கொடுக்கிறது. ஆனால் இயற்கையில் கார்பனில் ஏறத்தாழ 1.1 விழுக்காடு, ஓர் அலகு நிறை கூடிய கார்பன்-13 என்பதால், ஐந்து கார்பன் கொண்ட குளுட்டமினில் குறியிடாமலேயே சுமார் 5.5 விழுக்காடு ஓர் அலகு கூடித் தெரியும். குறியிடாத உணவு உண்ட கொசுக்களை உடன் வைத்து அதைக் கழிக்காவிட்டால் முடிவு பிழையாகும்.

குறித்த நேரத்தில் கொசுக்களைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, மைனஸ் 80 டிகிரியில் வைத்திருங்கள்; வேலூரின் வெயிலில் வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்புவதானால் உலர்பனி இன்றியமையாதது. குடலில் எஞ்சிய இரத்தத்தின் அமினோ அமிலங்கள் கொசுவினுடையவை அல்ல என்பதால், குடலைத் தனியே பிரித்து ஆராய்வது நல்லது. கருவிக்குள் செல்லுமுன் பொருள்களைப் பிரிக்கும் குழாயே நிரல்; வழக்கமான, நீரை விலக்கும் பொருள்களைப் பிடிக்கும் சி-18 நிரலில் இச்சிறு அமினோ அமிலங்கள் தங்காமல் ஓடிவிடும். முனைவுள்ள, அதாவது நீரோடு எளிதில் கலக்கும், பொருள்களைப் பிடித்து வைக்கும் ஹிலிக் நிரலைக் கேட்டு வாங்குங்கள்.