சோக்கா, கெபாசிட்டரா? பேக்கப் சப்ளை பில்டர் பற்றிய கேள்வி பதில்

ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின்னால் வந்து, டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கத்தை (ரிப்பிளை) அடக்கும் பில்டரைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிதான் அப்படி. கீழே உள்ள கணக்கெல்லாம் 50 ஹெர்ட்ஸ், சிங்கிள் பேஸ், ஃபுல் வேவ் பிரிட்ஜுக்கு (நான்கு டையோடு ரெக்டிஃபையர்).

கே: சார், 24 வோல்ட் 10 ஆம்பியர் சப்ளைக்கு எத்தனை மைக்ரோஃபாரட் போட வேண்டும்? பேட்டரி கிடையாது, சோக்கும் (இரும்புக் கோரில் சுற்றிய கம்பிச்சுருள்) கிடையாது.

ப: எவ்வளவு ரிப்பிள் தாங்கும் என்று நீங்கள் சொல்லவில்லை. 2 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். அலையின் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு 10 மில்லி செகண்ட் (60 ஹெர்ட்ஸில் 8.3). அந்த நேரம் முழுக்க லோடைக் கெபாசிட்டர்தான் சுமக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பியரை விநாடியால் பெருக்கி ரிப்பிள் வோல்ட்டால் வகுத்தால் ஃபாரட் வரும். 10 பெருக்கல் 0.01, வகுத்தல் 2. விடை 0.05 ஃபாரட், அதாவது 50,000 மைக்ரோஃபாரட். உண்மையில் கொஞ்சம் குறைவாகவே போதும். ஆனால் கெபாசிட்டரில் 20 சதவீதம் கூடக் குறைய இருப்பது சகஜம் என்பதால் அந்த மிச்சத்தை விட்டுவையுங்கள்.

இத்தோடு முடியவில்லை. டையோடு கொஞ்ச நேரமே திறப்பதால் கரண்ட் குத்துக்குத்தாக வரும். லோடு 10 ஆம்பியர்தான் என்றாலும் கெபாசிட்டருக்குள் 20 ஆம்பியர் வரைகூட ஏறி இறங்கலாம். அதனால் ஒரே பெரிய டப்பாவைவிட ஐந்து 10,000 நல்லது. ஒவ்வொன்றின் ரிப்பிள் கரண்ட் அளவையும் பார்த்து வாங்குங்கள். சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும்.

கழற்றும் முன் மீட்டர் வைத்துப் பாருங்கள். அணைத்த பிறகும் அதில் சார்ஜ் இருக்கும்.

கே: 12 வோல்ட் 5 ஆம்பியருக்கு?

ப: மேலே உள்ள கணக்கேதான்.

கே: மின்தூண்டி, மின்தேக்கி என்று எழுதாமல் சோக், கெபாசிட்டர் என்று ஏன் எழுதுகிறீர்கள்?

ப: பட்டறையில் யாரும் மின்தூண்டியை எடுத்துவா என்று கேட்பதில்லை.

கே: 48 வோல்ட் பேட்டரி வரிசைக்கு சார்ஜர் செய்கிறேன். 100 ஆம்பியர் அவர், சீல் வைத்த வகை. 10,000 மைக்ரோஃபாரட் இருக்கிறது. சோக் எவ்வளவு வேண்டும்?

ப: இதுதான் நான் எதிர்பார்த்த கேள்வி. ஃப்ளோட் வோல்டேஜ் (பேட்டரியை மாட்டியே வைத்திருக்கும்போது கொடுப்பது) 54 என்று எடுத்துக்கொள்வோம். பிரிட்ஜிலிருந்து வரும் அலையில் 100 ஹெர்ட்ஸ் பங்கு ஏறக்குறைய 25 வோல்ட் ஆர்எம்எஸ் (ஏசியைச் சொல்லும் வழக்கமான அளவு). 10 மில்லி ஹென்றி சோக் 100 ஹெர்ட்ஸில் 6.3 ஓம் காட்டும். 25ஐ 6.3ஆல் வகுத்தால் 4 ஆம்பியர் ரிப்பிள்.

அந்த 4 ஆம்பியர் எங்கே போகிறது? உங்கள் 10,000 மைக்ரோஃபாரட் 100 ஹெர்ட்ஸில் 0.16 ஓம். நான்கு 12 வோல்ட் பேட்டரி, ஒவ்வொன்றும் 5 மில்லி ஓம் என்றால் மொத்தம் 0.02 ஓம். எட்டில் ஒரு பங்கு. தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போவதுபோல, ஏறக்குறைய மொத்த ரிப்பிளும் பேட்டரிக்குள்தான் இறங்கும். கெபாசிட்டர் சும்மா நின்று வேடிக்கை பார்க்கும். பேட்டரி மாட்டியிருக்கும்வரை வேலை செய்வது சோக் ஒன்றுதான்.

சீல் வைத்த பேட்டரிக்குப் பொதுவாகச் சொல்லும் எல்லை 100 ஆம்பியர் அவருக்கு 5 ஆம்பியர் ரிப்பிள். 10 மில்லி ஹென்றியில் தப்பித்துவிடுவீர்கள். இடம் இருந்தால் 15 போடுங்கள். எஸ்சிஆர் (நாம் சொல்லும் நேரத்தில் திறக்கும் டையோடு) வைத்த பிரிட்ஜ் என்றால் ஃபயரிங், அதாவது திறக்கும் நேரம், தள்ளிப்போகப் போக ரிப்பிள் கூடும். அங்கே 20க்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு லோடை ஓட்டினால்தான் கெபாசிட்டருக்கு வேலை வரும். 4 ஆம்பியர் பெருக்கல் 0.16, அதாவது 0.64 வோல்ட் ரிப்பிள், 54இல் 1.2 சதவீதம்.

கே: என்ன சார் இது, பேட்டரியே பெரிய கெபாசிட்டர்தானே? என் பழைய சார்ஜரில் பிரிட்ஜைத் தவிர எதுவும் இல்லை. ஸ்கோப்பில் (அலையை வரைந்து காட்டும் கருவி) பார்த்தால் வோல்டேஜ் நேர்கோடுபோல இருக்கிறது. சோக் வீண் செலவு.

ப: நேர்கோடாகத்தான் இருக்கும். 0.02 ஓமில் 4 ஆம்பியர் ஓடினால் 80 மில்லி வோல்ட்தான் எழும். வோல்டேஜ் சுத்தமாக இருப்பதற்கு, ரிப்பிளை பேட்டரி விழுங்கிவிட்டது என்று அர்த்தம். அது உள்ளே சூடாக மாறும்.

கே: (அவரேதான்) பழைய பேட்டரிகள் அப்படியே வருடக்கணக்கில் ஓடினவே?

ப: அவை தண்ணீர் ஊற்றும் வகை. சூட்டில் வற்றினால் ஊற்றிக்கொள்ளலாம். சீல் வைத்ததில் வற்றினது வற்றினதுதான். அப்புறம், நாலு மணி நேரம் சார்ஜ் செய்து கழற்றுவது வேறு. பேக்கப்பில் இரவு பகலாக மாட்டியே வைப்பது வேறு. கிளாம்ப் மீட்டரை ஏசியில் வைத்து பேட்டரி வயரில் மாட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

கே: 20 மில்லி ஹென்றி என்று சொல்லிச் சுற்றித் தந்த சோக். எல்சிஆர் மீட்டரிலும் 20 காட்டுகிறது. லோடு கொடுத்ததும் உறுமுகிறது, ரிப்பிளும் குறையவில்லை.

ப: மீட்டர் அளந்தது டிசி ஓடாத சோக்கை. கோரைப் பாருங்கள். ஈ, ஐ தகடுகளை டிரான்ஸ்பார்மருக்கு அடுக்குவதுபோல மாற்றி மாற்றிக் கோத்திருந்தால் இடைவெளி இல்லை, டிசி ஏறியதும் கோர் காந்தத்தால் நிரம்பிவிடும். அதன் பிறகு அது வெறும் செம்புக் கம்பிதான். ஈ எல்லாம் ஒரு பக்கம், ஐ எல்லாம் மறு பக்கம், நடுவில் இன்சுலேஷன் தாள், அப்புறம் இறுக்கிக் கட்டு. இடைவெளி வைத்தால் மில்லி ஹென்றி குறையும். அதனால் சுற்று எண்ணிக்கை கூட வேண்டும். கட்டியதைப் பிரித்துத் தாள் மட்டும் செருகினால் 20 கிடைக்காது.

கே: 48 வோல்ட் சப்ளைக்கு 63 வோல்ட் கெபாசிட்டர் போதும்தானே?

ப: போதாது. இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். சோக் வைத்த பில்டரில் சராசரி வோல்டேஜ் டிரான்ஸ்பார்மர் ஆர்எம்எஸ்ஸில் 0.9 மடங்கு. 54 வர வேண்டுமானால், டையோடு இழப்பெல்லாம் சேர்த்து 63 வோல்ட் செகண்டரி (டிரான்ஸ்பார்மரின் வெளியீட்டுச் சுற்று). லோடும் பேட்டரியும் இல்லாதபோது கெபாசிட்டர் 63இன் உச்சத்துக்கு ஏறும்: 89 வோல்ட். பேட்டரி மாற்றுவதற்காகக் கழற்றிவிட்டு, லோடையும் அணைத்துவிட்டு நான் வெளியே போனேன். திரும்பி வந்தபோது நான்கு டப்பாவின் தலையும் பிளந்து, மீன் சந்தைபோல ஒரு நாற்றம். 100 வோல்ட் போடுங்கள். 10 மில்லி ஹென்றியில் கரண்ட் 5.7 ஆம்பியருக்குக் கீழே போனாலே வோல்டேஜ் ஏறத் தொடங்கும். அதைத் தடுக்க ப்ளீடர் ரெசிஸ்டர் (எப்போதும் கரண்ட் இழுத்துக்கொண்டே இருப்பது) போட்டால் 300 வாட் வீணாக எரியும். எஸ்சிஆர் வைத்துக் கட்டுப்படுத்துவது அதனால்தான்.

கழற்றும் முன் மீட்டர். மறுபடியும் சொல்கிறேன்.

கே: த்ரீ பேஸ் என்றால்?

ப: நிம்மதி. ஆறு டையோடு பிரிட்ஜில் ரிப்பிள் 4.2 சதவீதம்தான், அதுவும் 300 ஹெர்ட்ஸில். சிங்கிள் பேஸில் 48 சதவீதம். சோக் சுருங்கிவிடும்.

கே: லித்தியம் பேட்டரிக்கு பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் போர்டு) எது வாங்கலாம்?

ப: அது என் வேலை இல்லை. தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கே: 12 வோல்ட் 7 ஆம்பியருக்கு எத்தனை மைக்ரோஃபாரட் சார்?

ப: முதல் பதில். முதல் பதில். முதல் பதில்.

கே: சோக் வீண் செலவு என்றவன்தான். அளந்தேன். லோடுக்கு 8 ஆம்பியர் டிசி போகும்போது பேட்டரி வயரில் 11 ஆம்பியர் ஏசி காட்டுகிறது. பேட்டரி 100 ஆம்பியர் அவர், 48 வோல்ட். சரி, ஒத்துக்கொள்கிறேன். 10 மில்லி ஹென்றி சோக் வாங்கி நடுவில் மாட்டினால் போதுமா?

ப: அளந்து பார்த்ததற்கு நன்றி, பலர் அதைச் செய்வதில்லை. உங்கள் செகண்டரி எத்தனை வோல்ட்?

கே: 44.

ப: சோக் இல்லாதபோது உச்சத்தில் 62 வந்தது, பேட்டரி ஏறியது. சோக் மாட்டியதும் 44இல் 0.9 மடங்கு, 40 வோல்ட் சராசரி. ரிப்பிள் போய்விடும், கூடவே சார்ஜும் போய்விடும். டிரான்ஸ்பார்மரை 63க்கு மாற்றுங்கள், எஸ்சிஆர் கட்டுப்பாடும் வையுங்கள். அதுவரை சோக்கை வாங்காதீர்கள்.