செறிவுக் கணக்குக்குப் பயந்து மருந்தியலை விட வேண்டாம்

கரைசலின் செறிவைச் சொல்லும் மோலாரிட்டி, மோலாலிட்டி கணக்கு வந்தாலே மகள் தடுமாறுகிறாள், மருந்தியல் படிப்பு அவளுக்குச் சரிப்பட்டு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சரிப்பட்டு வரும். ஆனால் இந்தக் கணக்கை ஒப்பேற்றிவிட்டுப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மருந்து தயாரிப்பு, இரத்தப் பரிசோதனை, குடிநீர்ச் சோதனை என்று எந்த வேலைக்குப் போனாலும் இது தினமும் கூடவே வரும். மருந்தில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் அளவு பத்து மடங்காகிவிடும்.

சூத்திரத்தை மறந்து தவறு செய்பவர்களைவிட, எதில் எவ்வளவு என்று பார்க்காமல் எண்களைப் போடுபவர்களே அதிகம். மோலாரிட்டி என்பது ஒரு லிட்டர் கரைசலில் கரைந்த பொருள் எத்தனை மோல் (துகள்களின் எண்ணிக்கையை வைத்துப் பொருளின் அளவைச் சொல்லும் அலகு) என்ற கணக்கு. மோலாலிட்டி என்பது ஒரு கிலோ கரைப்பானுக்கு, அதாவது கரைக்கும் திரவத்துக்கு, எத்தனை மோல் என்ற கணக்கு. இந்த வேறுபாடு அவள் மனதில் பதிந்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையே எடுத்துக்கொள்வோம். நிறையில் 37 சதவீதம், அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.19 கிராம். ஒரு லிட்டர் கையில் இருப்பதாக வைத்துக்கொண்டு தொடங்கச் சொல்லுங்கள். அதன் எடை 1190 கிராம். அதில் 37 சதவீதம், அதாவது சுமார் 440 கிராம், அமிலம். மோலார் நிறையால், அதாவது ஒரு மோலின் எடையான 36.5 கிராமால், வகுத்தால் சுமார் 12 மோல். ஆக மோலாரிட்டி 12. மீதி 750 கிராம் தண்ணீர். 12 மோலை 0.75 கிலோவால் வகுத்தால் மோலாலிட்டி 16. ஒரே பாட்டில்தான், இரண்டு எண்கள். அடர்த்தியைத் தொடாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியாது. அங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்.

அப்புறம் சதவீதம். மருத்துவமனையில் ஏற்றும் 0.9 சதவீத உப்புக் கரைசலில் 100 மில்லிலிட்டருக்கு 0.9 கிராம் உப்பு, அதாவது லிட்டருக்கு 9 கிராம். உப்பின் மோலார் நிறை 58.5 ஆல் வகுத்தால் லிட்டருக்கு 0.154 மோல், அதாவது 0.154 மோலார். இந்தச் சதவீதம் கன அளவைச் சார்ந்தது, அமிலப் பாட்டிலில் இருந்தது நிறையைச் சார்ந்தது. எந்தச் சதவீதம் என்று முதலில் கேட்கும் பழக்கம் அவளுக்கு வர வேண்டும். பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு) அவ்வளவு கடினமில்லை: நீர்த்த நீர்க்கரைசலில் ஒரு பிபிஎம் என்பதை லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்று கொள்ளலாம்.

இரண்டு வாரம், நாளுக்கு ஒரே ஒரு கரைசலை எடுத்து, எல்லா அலகுகளிலும் எழுதட்டும். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அலகு இருக்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அதன் பிறகும் தடுமாறினால் புதிய பயிற்சிப் புத்தகம் வாங்க வேண்டாம். மோல் என்றால் என்ன, மில்லிலிட்டரை லிட்டராக்குவது எப்படி என்ற கீழ்வகுப்புப் பாடங்களில் ஓட்டை இருக்கிறதா என்று ஆசிரியரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.