"மூணு நாளில் காலி செய், இல்லாவிட்டால் ஜேசிபி வரும்"

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமம். 1968இல் தாத்தா கிரயம் வாங்கிப் பதிவு செய்த 5 சென்ட் இடத்தில் குடியிருக்கிறோம். வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் எங்கள் பெயரில்தான். போன வாரம் வருவாய் ஆய்வாளரும் வி.ஏ.ஓ.வும் வந்து, "இது அரசு புறம்போக்கு, மூணு நாளில் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் ஜேசிபி வரும்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் பதறாதீர்கள். வாயால் சொன்னதை வைத்து யாரும் உங்கள் வீட்டை இடிக்க முடியாது. 1905ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, முதலில் 7ஆவது பிரிவின் கீழ் நோட்டீஸ் தந்து உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். அதைப் பரிசீலித்த பிறகே 6ஆவது பிரிவில் வெளியேற்றும் உத்தரவு. அதற்கும் மேல்முறையீடு உண்டு.

உங்கள் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை தருவது அந்த 1968 கிரயப் பத்திரம்தான். 1982இல் தும்மலா கிருஷ்ணா ராவ் வழக்கில், இதே 1905 சட்டத்தின் ஆந்திர வடிவத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: நிலம் யாருடையது என்பதில் உண்மையான தகராறு இருந்தால், அரசு தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு முழு விசாரணை இல்லாத சுருக்க முறையில் ஆளை வெளியேற்றக் கூடாது, சிவில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வரி ரசீது, நீங்கள் அந்த இடத்தை அனுபவித்து வருவதைத்தான் காட்டும். உரிமைத் தகராறை எழுப்புவது பத்திரம்.

அப்புறம், அந்தச் சர்வே எண் எப்போது புறம்போக்கு ஆனது என்று பாருங்கள். 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த 'யுடிஆர்' திட்டத்தின்போது எத்தனையோ பட்டா நிலங்கள் தவறுதலாக அரசுக் கணக்கில் ஏறின. யுடிஆருக்கு முந்தைய நிலப் பதிவேடான பழைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலையும், ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று காட்டும் இன்றைய கிராமக் கணக்கான 'அ' பதிவேட்டின் நகலையும் வாங்கி அருகருகே வைத்துப் பாருங்கள். பழையதில் பட்டா என்று இருந்தால், மாவட்ட வருவாய் அலுவலரிடம் யுடிஆர் பிழைத் திருத்தம் கேட்டு மனு கொடுக்கலாம். நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலம், என்று இருந்தாலும் உங்களுக்குச் சாதகம்தான். கிராம நத்தம் அரசுக்குச் சொந்தமான நிலம் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதிவேட்டில் ஏரி, குளம், வாய்க்கால் என்று இருந்தால் நிலைமை கடினம். இடிப்புக்கு முன் 15 நாள் நோட்டீஸ் கட்டாயம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த பாதுகாப்புகூட, சாலை, நீர்நிலை போன்ற இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டடங்களுக்குப் பொருந்தாது. அப்படி இருந்தால் மாற்று இடம் கேட்டும் சேர்த்தே மனு கொடுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: நடந்ததைத் தேதியோடு எழுதி, பத்திர நகலை இணைத்து, தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். நோட்டீஸ் வந்தால், கதவில் ஒட்டிவிட்டுப் போனாலும், அன்றே படம் எடுத்து வையுங்கள். கெடு முடிவதற்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். நோட்டீஸே இல்லாமல் இயந்திரம் வரும் போலிருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு இடைக்காலத் தடை கேட்கலாம். சிவில் வழக்கு என்றால் அரசுக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். அவசரம் என்றால் நீதிமன்ற அனுமதியோடு உடனே தாக்கல் செய்ய வழி உண்டு.

வீட்டில் பெரியவர்கள் தனியாக இருக்கும்போது, "நாங்களே காலி செய்கிறோம்" என்று எழுதிய தாளை நீட்டிக் கைநாட்டு கேட்பார்கள். வைக்க வேண்டாம் என்று அவர்களிடம் இன்று இரவே சொல்லி வையுங்கள்.